கார் டிரைவரைக் கொன்றது யார்?

துப்பறியும் நாவல் படிக்கிறவர்களிடையே நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வரும் ஒரு சம்பவம் உண்டு. ரேமண்ட் சாண்ட்லர் என்ற நாவலாசிரியர் 1939-ல் 'தி பிக் ஸ்லீப்' என்ற குற்றக் கதையை வெளியிட்டார். ஹோவர்ட் ஹாக்ஸ் என்ற ஹாலிவுட் டைரக்டர் அதைப் படமாக எடுத்தார். 1946-ல் படம் வெளிவந்தது. திரைக்கதை எழுதிய மூவரில் ஒருவர் வில்லியம் ஃபாக்னர், பிற்பாடு நோபல் பரிசு பெற்றவர். அந்தக் கதையில் ஒரு பணக்கார வீட்டின் கார் டிரைவர், காரோடு கடலில் விழுந்து செத்துக் கிடக்கிறான். யாராவது கொன்றார்களா, அவனாகவே போய் விழுந்தானா? படம் எடுக்கிறவர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டு பார்த்தும் விளங்கவில்லை. கதை எழுதினவருக்கே தந்தி கொடுத்துக் கேட்டார்கள். தமக்கும் தெரியாது என்று சாண்ட்லரிடமிருந்து பதில் வந்ததாம்.

இதைச் சொல்லிச் சிரிப்பது வழக்கம். நானும் சிரித்திருக்கிறேன். ஆனால் இந்த வேடிக்கையில் ஒரு பெரிய விஷயம் ஒளிந்திருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஒரு சாவுக்கு யார் காரணம் என்று கேட்பதற்கு அங்கே ஓர் ஆள் இருந்தார். அவருக்கு விலாசம் இருந்தது. தந்தி போய்ச் சேர்ந்தது. தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் கடமை அவருக்கு இருந்தது. படத்தைப் பற்றி அப்படிக் கேட்க யாருக்குத் தந்தி கொடுப்பது? டைரக்டருக்கா, மூன்று திரைக்கதாசிரியர்களுக்கா, முதல் போட்டவருக்கா? டிரைவர் செத்த மர்மம் விளங்காமலே படம் ஓடியது. அதைப் பற்றி ஜனங்கள் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை.

குற்றக் கதை என்பது ஒருவகை ஒப்பந்தம். ஒருவன் செத்துப்போனான், அவன் சாவுக்குக் காரணமானவர் ஒருவர் உண்டு, அவர் யார் என்று கடைசிப் பக்கத்துக்குள் சொல்லிவிடுகிறேன் என்று எழுதுகிறவன் வாசகனுக்கு வாக்குக் கொடுக்கிறான். மற்ற நாவல்களில் இந்த வாக்கு கிடையாது. ஒரு குடும்பக் கதையில் யார் பேரில் தப்பு என்று சொல்லாமலே முடித்துவிடலாம். அதை நயம் என்றுகூடச் சொல்வார்கள். துப்பறியும் கதை எழுதுகிறவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. அவனை இலக்கியப் பந்தியில் கடைசி இலைக்குத் தள்ளி வைத்திருக்கிறோமே, இந்த ஒரு நாணயத்துக்காகவாவது கொஞ்சம் முன்னே உட்கார வைக்கலாம் என்பது என் கட்சி.

அப்படிப்பட்டவன் சினிமாவுக்கும் டெலிவிஷனுக்கும் எழுதப் போனால் அந்த வாக்கு என்ன ஆகிறது? இதுதான் என் கேள்வி. 'காசுக்குக் கலையை விற்றுவிட்டான்' என்ற பழைய புலம்பலில் எனக்கு நம்பிக்கை இல்லை. எழுதிக் காசு வாங்குவது குற்றமானால் எங்கள் தெருவில் சனிக்கிழமை சம்பளம் வாங்குகிற அத்தனை பேரும் குற்றவாளிகள்.

தமிழில் இந்தப் போக்குவரத்து நேற்று ஆரம்பித்தது அல்ல. ஜே. ஆர். ரங்கராஜுவின் 'ராஜாம்பாள்' 1935-லேயே படமாயிற்று. 1951-ல் மறுபடியும் எடுத்தார்கள். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'மேனகா' 1935-ல் வந்தது. அவருடைய 'திகம்பர சாமியார்' 1950-ல் மாடர்ன் தியேட்டர்ஸில் படமாகி, நம்பியாருக்குப் பல வேஷம் போட இடம் கொடுத்தது. அந்தக் காலத்தில் ஏற்பாடு எளிது. நாவல் ஏற்கனவே அச்சாகி, வீடு வீடாகப் போய், கிழிந்தும் போயிருக்கும். கொலைகாரன் யார் என்று ஊருக்கே தெரியும். சினிமாக்காரர் வந்து அதை எடுத்துக்கொண்டு போனார். நாவல் நாவலாக இருந்தது. படம் படமாக இருந்தது.

சுஜாதாவின் விஷயம்தான் யோசிக்க வேண்டியது. நம் காலத்தில் துப்பறியும் கதையிலிருந்து சினிமாவுக்குள் முழுசாக நடந்து போனவர் அவர். பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்துகொண்டு, மனைவியின் பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்டு எழுதிய ரங்கராஜன், 1968-ல் குமுதத்தில் 'நைலான் கயிறு' எழுதினார். அதில் கணேஷ் என்ற வக்கீல் வந்தான். பிறகு வஸந்த் சேர்ந்துகொண்டான். இந்த இரண்டு பேரும் தமிழ்நாட்டில் எத்தனை வாலிபர்களின் பேச்சை மாற்றினார்கள் என்பதற்குக் கணக்குக் கிடையாது.

1977-ல் 'காயத்ரி' படமாயிற்று. அதில் கணேஷாக வந்தவர் ஜெய்சங்கர். வில்லன், ரஜினிகாந்த். மறு வருஷம், 1978-ல், 'ப்ரியா' வந்தது. அதில் கணேஷாக வந்தவர் ரஜினிகாந்த்! ஒரே வருஷத்தில் குற்றவாளி வக்கீலாகிவிட்டார். நாவலில் லண்டனில் நடந்த கதை, படத்தில் சிங்கப்பூரில் நடந்தது. பாட்டுகள் வந்தன. கணேஷுக்குக் காதலும் வந்தது. நாவலின் ரசிகர்கள் முகம் சுளித்தார்கள்.

எனக்கு இதிலெல்லாம் பெரிய வருத்தம் இல்லை. லண்டனை சிங்கப்பூராக மாற்றினால் என்ன குடி முழுகிப்போகிறது? கப்பல் டிக்கட்டு மிச்சம். ஆளை மாற்றட்டும், ஊரை மாற்றட்டும், கதாநாயகியை நாலு பாட்டுப் பாடச் சொல்லட்டும். அவையெல்லாம் சட்டை வேட்டி சமாசாரம். உள்ளே உடம்பு ஒன்று இருக்கிறது.

சுஜாதா கதையை விற்பதோடு நிற்கவில்லை. 1986-ல் 'விக்ரம்' படத்துக்குக் கதை எழுதி, அதையே குமுதத்தில் தொடராகவும் கொடுத்தார். 1992-ல் 'ரோஜா'வுக்கு வசனம். பிறகு 'இந்தியன்', 'முதல்வன்', 'கன்னத்தில் முத்தமிட்டால்', 'அந்நியன்', 'சிவாஜி' என்று பெரிய டைரக்டர்களின் பெரிய படங்கள். திரைக்கதை எழுதுவது எப்படி என்று புஸ்தகமே போட்டார். 2008 பிப்ரவரியில் அவர் காலமான பிறகு, 2010-ல் வந்த 'எந்திர'னிலும் அவர் பெயர் இருந்தது. நாவலாசிரியராகத் தொடங்கியவர், மற்றொருவர் மனசில் இருக்கிற படத்துக்குப் பேச்சு எழுதிக் கொடுப்பவராக இருந்தார். அதைக் கெட்டிக்காரத்தனமாகவே செய்தார்.

அவர் வாழ்க்கையில் இரண்டு சம்பவங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். 1980-களில் 'கருப்பு சிவப்பு வெளுப்பு' என்று குமுதத்தில் ஒரு சரித்திரத் தொடர் ஆரம்பித்தார். தங்களை இழிவுபடுத்துவதாக ஒரு சமூகத்தார் கடுமையாக எதிர்த்தார்கள். தொடர் நின்றது. பிறகு அதை வேறு விதமாக அமைத்து 'ரத்தம் ஒரே நிறம்' என்று எழுதினார். எதிர்ப்பு நியாயமா அநியாயமா என்ற வழக்குக்குள் நான் நுழையவில்லை. எழுதியது ஒருவர், கேட்டது அவரைத்தான், நிறுத்தி மாற்றியதும் அவர்தான். அங்கே பொறுப்புக்கு முகம் இருந்தது.

இன்னொன்று, 2003-ல் வந்த 'பாய்ஸ்'. அந்தப் படத்தின் பேச்சைப் பத்திரிகைகள் காய்ச்சி எடுத்தன. வசனம் சுஜாதா. ஆனால் அந்தப் படத்தின் மனசு யாருடையது? டைரக்டர் ஒருவர் இருந்தார், முதலாளி இருந்தார், தணிக்கைக் குழு பார்த்துச் சீட்டுக் கொடுத்தது, தியேட்டரில் கைதட்டினவர்களும் இருந்தார்கள். வசவு வரும்போது ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போய்விட்டது. கேள்வியும் கரைந்துபோயிற்று. எந்த வரியை யார் கேட்டு யார் எழுதினார்கள் என்பதை கணேஷ் வஸந்தே வந்தாலும் துப்பறிய முடியாது.

வங்காளத்தில் இதைவிட விசேஷமான ஒரு கேஸ் உண்டு. சரதிந்து பந்தோபாத்யாய் என்பவர் 1932-ல் பியோம்கேஷ் பக்ஷி என்ற துப்பறிவாளனைப் படைத்தார். அவன் தன்னை டிடெக்டிவ் என்று சொல்லிக்கொள்ள மாட்டான். சத்தியத்தைத் தேடுகிறவன் என்று சொல்லிக்கொள்வான். சரதிந்து 1938-ல் பம்பாய் டாக்கீஸுக்குக் கதை எழுதப் பம்பாய் போனார். பியோம்கேஷ் ஏறக்குறைய பதினைந்து வருஷம் வாயைத் திறக்கவில்லை. 1950-களின் ஆரம்பத்தில் சரதிந்து சினிமாவை விட்டுவிட்டுப் பூனாவில் குடியேறின சமயத்தில்தான் அவன் மறுபடியும் எழுந்து வந்தான். வந்தவன் ஆசிரியர் 1970-ல் காலமாகும் வரை ஓயவில்லை. சம்பளத்துக்குச் சினிமாக்கதை எழுதின அத்தனை வருஷமும் சத்தியத்தைத் தேடுகிறவன் எங்கே போயிருந்தான்? ஆசிரியருக்கு நேரம் இல்லை என்று சொல்லலாம். வாசகர் கேட்டால்தான் எழுத முடியும் என்றும் சொல்லலாம். எனக்கு அந்தச் சமாதானங்கள் போதவில்லை. பத்துப் பேர் சேர்ந்து முடிவு கட்டுகிற அறையில் அவனுக்கு வேலை இல்லாமல் போயிருக்கும் என்றே நினைக்கிறேன்.

எதிர்க் கட்சியையும் சொல்லிவிட வேண்டும். எல்லாருக்கும் இப்படி ஆகவில்லை. சுரேஷ், பாலகிருஷ்ணன் என்ற இருவர் சேர்ந்த 'சுபா', பாக்கெட் நாவல் எழுதிப் பழகின கையோடு கே. வி. ஆனந்தின் 'அயன்', 'கோ' படங்களுக்கு எழுதினார்கள். 2015-ல் 'தனி ஒருவ'னுக்கு வசனம் எழுதினார்கள். பட்டுக்கோட்டை பிரபாகர் 'இமைக்கா நொடிகள்', 'காப்பான்' என்று எழுதினார். கடைசிப் பக்கம் வரை மூச்சைப் பிடித்துக்கொள்ளச் செய்கிற வித்தையை இவர்கள் மாத நாவலில்தான் கற்றார்கள். அந்த மாத நாவல்களின் நூற்றைம்பது பக்கத்தைப் பஸ்ஸில் ஏறி இறங்குவதற்குள் படித்துவிட்டுப் பக்கத்து ஆளிடம் கொடுத்த தலைமுறை என்னுடையது.

டெலிவிஷனில் எழுத்தாளனுக்கு இன்னும் கொஞ்சம் மரியாதை இருந்த காலமும் உண்டு. 1990-களில் இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா டைரக்ட் செய்த 'மர்மதேசம்' வந்தபோது நான் பள்ளிக்கூடப் பையன். 'விடாது கருப்பு' ஒளிபரப்பாகிற இரவில் ஆமத்தூர்த் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. டி.வி. இருந்த வீட்டுத் திண்ணை வரைக்கும் கூட்டம். ஊரில் விழுகிற சாவுகளுக்குக் காரணம் சாமியா மனுஷனா என்பது கதை. பார்த்து முடித்து, ஊர் எல்லைக் கருப்பசாமியைத் தாண்டித் தோட்டத்து வீட்டுக்குப் போக வேண்டிய பையன்கள் துணைக்கு ஆள் தேடுவார்கள். வாரத்துக்கு ஒரு தரம் வருகிற அந்தக் கதைக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார், சாமியா மனுஷனா என்பது அவருக்குத் தெரியும், கடைசியில் சொல்லுவார் என்று நாங்கள் நம்பினோம். அவர் 2024 நவம்பரில் மதுரையில் காலமானார். செய்தி கேட்ட அன்று ஞாபகம் வந்தது கருப்பசாமியின் குதிரைதான்.

ஆக, சினிமாவும் டெலிவிஷனும் தம்மளவில் பாவம் செய்தவை அல்ல. விவகாரம் வேறிடத்தில் இருக்கிறது. அது எனக்கு விளங்கியது இந்த வருஷம்தான்.

டெலிவிஷன் தொடர் எடுக்கிறவர்கள் சிலர் என்னைத் தேடி ஆமத்தூருக்கே வந்தார்கள். யார் என்று சொல்வது நியாயமல்ல. மரியாதையான பிள்ளைகள், என் கதைகளைப் படித்திருந்தார்கள். பட்டாசுத் தொழிலை வைத்து எட்டுப் பாகத்தில் ஒரு குற்றக் கதை வேண்டும் என்றார்கள். ஒரு பட்டாசு ஆலையில் வெடிவிபத்து. ஏழெட்டுப் பேர் சாவு. எல்லாரும் விபத்து என்கிறார்கள். கதாநாயகி, போலீஸ் அதிகாரி, அது விபத்தல்ல, கொலை என்று கண்டுபிடிக்கிறாள். அவ்வளவுதான், மற்றதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

"கொலைகாரன் யார்?" என்று கேட்டேன்.

"அதை டிஸ்கஷன்ல முடிவு பண்ணிக்கலாம் சார்" என்றார்கள்.

சாண்ட்லர் பேரில் எனக்கு மதிப்பு உயர்ந்தது அப்போதுதான்.

வெளியூர் வாசகர்களுக்காகக் கொஞ்சம் விவரம் சொல்ல வேண்டும். விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையே இருக்கிற எங்கள் ஊரில், விடிந்ததும் விடியாததுமாகக் கம்பெனி வண்டிகள் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். மருந்து கலப்பது ஒருவர், அடைப்பது ஒருவர், திரி செருகுவது ஒருவர், வெயிலில் காயப்போடுவது ஒருவர், பெட்டி கட்டி லேபிள் ஒட்டுவது ஒருவர். வெடிக்கிற சத்தத்தை டில்லியிலோ கல்கத்தாவிலோ யாரோ கேட்பார்கள். பெட்டியின் மேல் இருக்கிற பெயர் இவர்களில் யாருடையதும் அல்ல.

வெடிவிபத்து நடந்தால் மறுநாள் பேப்பரில் ஒரே வாக்கியம்தான் வரும்: மருந்து கலக்கும்போது ஏற்பட்ட உராய்வே காரணம் என்று கூறப்படுகிறது. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிற காலத்திலிருந்து இந்த வாக்கியம் மாறவில்லை. எங்கள் பக்கத்தில் நடக்கிற சாவுக்கெல்லாம் கொலைகாரன் பெயர் உராய்வு! அவனுக்கு அப்பன் பெயர் கிடையாது, கதவிலக்கம் கிடையாது. வழக்கில் முதலில் அகப்படுகிறவர் போர்மேன். பெரும்பாலும் அவரும் சம்பளத்துக்கு இருக்கிறவர்தான். லைசென்ஸ் ஒருவர் பேரில் இருக்கும். ஆலையை உள்குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவர் வேறொருவராக இருப்பார். அது கூடாதென்று விதி இருக்கிறது. ஓர் அறைக்கு இத்தனை பேர்தான், இத்தனை கிலோ மருந்துதான் என்றும் விதி இருக்கிறது. தீபாவளி நெருங்க நெருங்க ஆர்டர் ஏறும்; அறையில் ஆளும் ஏறும். பார்க்க வேண்டிய அதிகாரி பார்த்திருப்பார் அல்லது பார்த்திருக்க மாட்டார். மலிவாய்க் கிடைத்ததென்று சரம் வாங்கினவரும் இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணிதான். 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அவர்களில் பலர் முதல் சத்தம் கேட்டு உதவிக்கு ஓடின பக்கத்து ஊர்க்காரர்கள். 2021 பிப்ரவரி 12-ல் அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேல். தேதிகளை எங்கள் பக்கத்தில் கேட்டால் சொல்வார்கள். யார் செய்தது என்று கேட்டால் வானத்தைப் பார்ப்பார்கள்.

இந்த ஊரில் வந்து, அந்த வெடி பங்காளிச் சண்டையில் ஒரு தம்பிக்காரன் வைத்தது என்று நான் கதை எழுத வேண்டும். டிஸ்கஷனில் அப்படித்தான் முடிவாகும், எனக்குத் தெரியும். ஒரு முகம் வேண்டும். எட்டாம் பாகத்தில் அந்த முகத்துக்கு விலங்கு மாட்ட வேண்டும். பார்க்கிறவர்கள் நிம்மதியாகப் பெருமூச்சு விடுவார்கள். அந்தப் பெருமூச்சோடு லைசென்ஸ்காரர், உள்குத்தகைக்காரர், பார்க்காத அதிகாரி, அவசர ஆர்டர் கொடுத்த வியாபாரி, மலிவுச் சரம் வாங்கினவர் எல்லாரும் விடுதலை. துப்பறியும் கதை ஒருவனைப் பிடிக்கிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பிடிபடாத மற்றவர்களை அது குற்றமற்றவர்கள் என்று தீர்ப்பும் சொல்கிறது. பங்களாவில் நடந்த கொலையானால் அதில் தோஷமில்லை. சமையல்காரனும் தோட்டக்காரனும் உண்மையிலேயே நிரபராதிகள். பட்டாசு ஆலையில் அப்படிச் சொல்ல முடியுமா?

சிநேகிதர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அச்சாபீஸ் வைத்திருப்பவர், சிவகாசிக்காரர், எதையும் கணக்குப் போட்டுப் பார்ப்பவர். "நீர் நாவலாக எழுதினால் ஆயிரம் பிரதி. அதையும் நானே கடனுக்கு அச்சடிக்க வேண்டும். டி.வி.யில் வந்தால் லட்சக்கணக்கான வீட்டில் பார்ப்பான். கொலைகாரன் பொய்யாகவே இருக்கட்டும். நம்ம பொம்பளைகள் வெறுங்கையால மருந்து அடைக்கிறதையாவது நாலு பேர் பார்ப்பானில்ல?" என்றார்.

இதற்கு என்னிடம் சரியான பதில் இல்லை. இன்றைக்கும் இல்லை. பொய்யான முடிவு உள்ள கதையிலும் உண்மையான கைகள் தெரியத்தான் செய்யும். கைகளைப் பார்த்துவிட்டு ஜனங்கள் என்ன செய்வார்கள் என்பதுதான் எனக்குச் சந்தேகம்.

தெருக்கோடியில் ஒரு அத்தை இருக்கிறார். உறவுமுறை இல்லை, கூப்பிட்டுப் பழக்கம். அவருடைய மகள் வேலைக்குப் போன ஆலையில் இறந்து பல வருஷமாகிறது. டெலிவிஷன்காரர்கள் வந்துபோனது தெருவுக்கே தெரிந்துவிட்டதால், "என்னய்யா, நம்ம ஆலையப் பத்திப் படமெடுக்காகளாமே?" என்று விசாரித்தார். ஆமாம் என்றேன்.

"அதுல யாரு செஞ்சான்னு சொல்லுவியா?"

துப்பறியும் கதையின் வாசகர் கேட்கிற அதே கேள்வி. ஆனால் அத்தை கதைக்காகக் கேட்கவில்லை. பதில் ஏதாவது ஒரு பெயராக இருந்தால் போதும் என்பது போலக்கூட அந்த முகம் இருந்தது. பங்காளித் தம்பி ஒருவனின் பெயரைச் சொன்னால்கூட ஏற்றுக்கொண்டிருப்பாரோ என்னவோ. சொல்லுவேன் அத்தை என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

அப்படிச் சொன்னபின் எனக்கு வழி ஒன்றுதான். துப்பறியும் எழுத்தாளன் சினிமாவுக்கும் போகலாம், டெலிவிஷனுக்கும் போகலாம். ஊரை விற்கலாம், வசனத்தை விற்கலாம், பெயரைச் சின்ன எழுத்தில் போட்டுக்கொள்ளச் சம்மதிக்கலாம். யார் செய்தது என்பதை மட்டும் மேஜை மேல் வைத்துவிட்டு வந்துவிடக் கூடாது. தெரியாவிட்டால் சாண்ட்லரைப் போலத் தெரியாது என்று சொல்லலாம். அதையும் அவன்தான் சொல்ல வேண்டும். எட்டுப் பேர் சேர்ந்து டீ குடித்துக்கொண்டே தேர்ந்தெடுக்கிற கொலைகாரன், எவ்வளவு சாமர்த்தியமாக ஒளிக்கப்பட்டிருந்தாலும், உராய்வுக்கு இன்னொரு பெயர்தான்.

வந்த பிள்ளைகளுக்கு டெலிபோன் செய்து விஷயத்தைச் சொன்னேன். கதாநாயகி போலீஸாக இருக்கட்டும், பாட்டும் வைத்துக்கொள்ளுங்கள். குற்றவாளிகளின் ஜாபிதா மட்டும் என்னுடையது, அதில் பதினோரு பேர் இருக்கிறார்கள், ஒருவரைக்கூட எடுக்க முடியாது என்றேன். பதினொன்று ஜாஸ்தி சார், பார்க்கிறவர்களுக்கு ஞாபகம் இருக்காது என்றார்கள். அதுவும் வாஸ்தவம்தான். தீபாவளி கழித்துப் பேசலாம் என்று முடிந்தது. அதற்குள் நான் நாவலாகவே எழுத ஆரம்பித்துவிட்டேன். நாலு அத்தியாயம் ஆகியிருக்கிறது. அச்சாபீஸ்காரர் காகித விலையைச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.